தொட்டிலில் முதலில் போட்ட கல்

இன்று தங்கச்சி மகளைத் தொட்டிலில் போடும் நாள். தாய்மாமன் சீராக ஸ்பிரிங் தொட்டில் வாங்கிப் போனது நான்தான். பெட்டியில் ‘இருபது கிலோ தாங்கும்’ என்று அச்சடித்திருந்தது.

எங்கள் பக்கம் பிள்ளையைப் போடும் முன் அம்மிக்குழவியைத் தொட்டிலில் போட்டு ஆட்டுவார்கள். இரண்டாவது ஆட்டிலேயே ஸ்பிரிங் ஒடிந்து, குழவி விழுந்து, தரை பெயர்ந்துவிட்டது. நல்லவேளை, பிள்ளை தங்கச்சி மடியில் இருந்தது.

ஒடிந்த ஸ்பிரிங்கை எடுத்துக்கொண்டு கோவில்பட்டி பஜாரில் வாங்கின கடைக்கே போனேன்.

“கல்லப் போட்டா ஒடியத்தான செய்யும், அண்ணாச்சி? பிள்ளையல்லா போடணும்!” என்றார் கடைக்காரர்.

“அந்தக் கல்லு அஞ்சு கிலோ கூட இருக்காது. கம்பெனிக்குச் சொல்லுங்க” என்றேன்.

“அதெல்லாம் எதுக்கு? கம்பெனிக்காரவிய தங்கமானவிய. ஒரு கேள்வி கேக்காம மாத்திக் குடுத்துருவாவ.”

சொல்லிக்கொண்டே மேசைக்கு அடியில் இருந்த சாக்கில் அதைப் போட்டார். இரும்போடு இரும்பு மோதும் சத்தம் கேட்டது. சாக்கு பாதிக்குமேல் நிறைந்திருந்தது.

அவர் நீட்டிய புது ஸ்பிரிங்கை வாங்காமல் வந்துவிட்டேன். அந்தச் சாக்கில் கிடப்பதெல்லாம் கல்லைப் போட்டு ஒடிந்தவைதானா என்று கேட்கத்தான் எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அம்மியைத் தூக்கிப் போட்டுவிட்டு மிக்சி வாங்கியவர்களே, உங்கள் வீட்டுத் தொட்டிலில் முதலில் எதைப் போடுகிறீர்கள்?