பெண்கள் நேரத்தை வெட்டியவர்கள்

எங்கள் ஸ்ரீரங்கத்து வாசகசாலையின் தலைவர் ஒரு புத்தகத்தைத் திறந்து நான் பார்த்ததே இல்லை. திருச்சி கோர்ட்டில் வக்கீல் அவர். சாயங்காலம் நான் பள்ளிக்கூடம் விட்டு, பஸ்ஸில் இறங்கி வீட்டுக்குப் போகும்போது வாசகசாலை ஜன்னல் வழியாகத் தெரிவார். இங்கிலீஷ் பேப்பரில் மார்க்கெட் நிலவரம் பார்ப்பார். பிறகு அதையே முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குவார். ஊரில் அறிவை வளர்க்கிறவர் என்று அவருக்குத்தான் பெயர்.

சனிக்கிழமை மத்தியானம் மட்டும் பெண்களுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். அப்போது ஆண்கள் உள்ளே வரக்கூடாது. கதவைத் திறந்து வைக்கவும், அலமாரியிலிருந்து புத்தகம் எடுத்துத் தரவும் ஓர் ஆயா இருந்தாள். கோட்டைப் பக்கத்துப் பெண்கள் பள்ளியில் டீச்சராக இருந்த நான், அந்த வாரத்தை அந்த மத்தியானத்துக்காகவே ஓட்டுவேன்.

அங்கேதான் அவள் எனக்குப் பழக்கமானாள். கோயில் கைங்கர்யக் குடும்பத்து மருமகள். என் வயதுதான் இருக்கும். ஆண்கள் இல்லாத இடம் என்பதால் மாமியார் அனுப்பி வைத்தார். ஆழ்வார் சரித்திரம் வாசிக்கிறாள் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் வாசித்ததெல்லாம் துப்பறியும் நாவல்கள். பாதி படிக்கும்போதே கொலைகாரன் யாரென்று என் காதில் சொல்லிவிடுவாள். பெரும்பாலும் சரியாக இருக்கும். எனக்கு எரிச்சலாக வரும்.

நெல் விலை அடிமட்டத்துக்கு விழுந்த காலம் அது. சென்னையில் சர்க்கார் மானியத்தைக் குறைத்தது. ஜில்லா போர்டு தன் பங்குக்குக் குறைத்தது. கடைசியில் வெட்டு எங்கள் வாசகசாலைக்கு வந்து சேர்ந்தது. அதற்காக நான் யாரையும் திட்டவில்லை. லால்குடிப் பக்கம் மிராசுதார்களே வரி கட்ட முடியாமல் திண்டாடினார்கள். எதை வெட்டுவது என்று எங்கள் கமிட்டிக்காரர்கள் கூடி யோசித்தார்களே, அந்த யோசனையை நினைத்தால்தான் இன்றைக்கும் வாய் கசக்கிறது.

வருஷாந்தரக் கூட்டத்தில் பெண் மெம்பர்களை மூங்கில் தட்டிக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். தலைவர் எழுந்து, தேசம் கஷ்டத்தில் இருக்கிறது, எல்லோரும் தியாகம் செய்ய வேண்டும் என்று வெகுநேரம் பேசினார். தியாகம் என்னவென்று கடைசியில்தான் வந்தது. பெண்கள் நேரம் ரத்து. ஆயாவுக்கு வேலை இல்லை. நாவல்கள் இனி வாங்கப்படமாட்டா. இங்கிலீஷ் பேப்பர் மட்டும் தொடரும், அது அத்தியாவசியமாம்.

"ஸ்திரீகள் அகத்துல இருந்தபடியே வாசிக்கலாம். அதுதான் அவாளுக்கும் சௌகரியம்," என்றார்.

என் பக்கத்திலிருந்து அவள் குரல் எழும்பியது. "மாமா, ஒரு சந்தேகம். கேக்கலாமா?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. தட்டிதான் தெரிந்திருக்கும்.

"மானியம் குறைஞ்சுடுத்துங்கறேள். போன மாசம் உங்களுக்கு மட்டும் புதுப் பிரம்பு நாற்காலி வந்திருக்கே, அது எந்தப் பணத்துல வந்தது?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தலைவரின் காது சிவந்தது.

"யார் பேசறது?"

"மெம்பர்தான். யாருன்னு தெரிஞ்சாத்தான் பதில் வருமா?"

வந்தனோபசாரம் சொல்லி அவசரமாகக் கூட்டத்தை முடித்தார்கள். எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. அவள் என் கையை விடவே இல்லை.

பேசியது யாரென்று விசாரித்துக்கொண்டு மறுநாளே தலைவர் அவளுடைய மாமனாரைப் பார்க்கப் போனார். கேள்விக்குப் பதில் சொல்ல வாய் வராதவருக்கு, கேட்டவளின் வீட்டுக்குப் போய்க் கோள் சொல்ல மட்டும் வாய் இருந்தது. கலெக்டர் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த அவள் புருஷன் பயந்துபோனான். கோயிலைத் தவிர எங்கும் போகக்கூடாது என்று ஆயிற்று.

அந்த வாரம் உள்ளூர்ப் பத்திரிகையில் வாசகசாலைச் செய்தி வந்தது. பத்திரிகைக்காரரும் கமிட்டி மெம்பர்தான். பெண்கள் நேரம் பெண்மணிகளின் விருப்பப்படியே நிறுத்தப்பட்டது என்றும், தலைவரின் சிக்கனத்தை எல்லோரும் பாராட்டினார்கள் என்றும் போட்டிருந்தார். அதைப் படித்த கையோடு ஆயாவைத் தேடிப் போனேன்.

"சனிக்கிழமை வாசகசாலைக்குப் போகலாம், வரீங்களா?"

"நம்ம நேரத்தைத்தான் எடுத்துட்டாங்களே, டீச்சரம்மா."

"பொது நேரத்துல போவோம். நான் மெம்பர். நீங்க என்கூட வந்தவங்க."

இன்னும் மூன்று டீச்சர்களைச் சேர்த்துக்கொண்டு போய் நடு மேஜையில் உட்கார்ந்தோம். ஆயாவுக்கு எழுத்துத் தெரியாது. படம் போட்ட பத்திரிகை ஒன்றை எடுத்துக்கொண்டு பிரம்பு நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். உலக விவகாரமெல்லாம் அலசுகிற ஆண்கள் ஒவ்வொருவராகச் செருப்பை மாட்டிக்கொண்டு நழுவினார்கள். வெள்ளைக்காரனை விரட்டப்போவதாகத் தினமும் பேசுகிறவர்தான் முதலில் போனார்.

தலைவர் வந்து வாசலிலேயே நின்றார்.

"என்னம்மா இது?"

"வாசிக்கிறோங்க," என்றேன்.

நாற்காலியைப் பார்த்தார். ஆயா பக்கத்தைப் புரட்டினாள். அவர் திரும்பிப் போய்விட்டார். அடுத்த வாரமே ரிப்பேர் என்று எழுதி ஒட்டிச் சனிக்கிழமைகளில் வாசகசாலையையே பூட்டிவிட்டார். எங்களோடு ஒரே மேஜையில் உட்காருவதைவிட, யாருமே வாசிக்காமல் இருப்பது அவருக்கு மேலாகப் பட்டது. தெருவில் ஆண்கள் எங்களைத்தான் ஏசினார்கள். அவரை ஒருவரும் கேட்கவில்லை.

வீட்டில் அடைபட்டுக் கிடந்த என் சிநேகிதிக்கு நான் திருச்சியிலிருந்து நாவல்கள் வாங்கிப் போய்க் கொடுத்துவந்தேன். டீச்சர் வந்தால் மாமியார் தடுக்கமாட்டார். அவள் புருஷனுக்குச் சென்னைக்கு மாற்றலாகும் வரை அப்படி ஓடியது. ரொம்ப நாள் கழித்து ஜங்ஷனில் பார்த்தேன். இரண்டு குழந்தைகளோடு ரயிலுக்கு நின்றிருந்தாள்.

"அங்க லைப்ரரியில எல்லாருக்கும் ஒரே நேரம்தான், டீச்சர். யாரும் நம்மளைத் திரும்பிக்கூடப் பாக்கறதில்லை," என்றாள்.

யுத்தத்துக்கு முன்பே மானியம் திரும்ப வந்துவிட்டது. பெண்கள் நேரம் வரவில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, தலைவரின் எண்ணெய்ச் சித்திரம் ஒன்றை மாட்டினார்கள். அவர் காலமானபோது அனுதாபக் கூட்டத்தில் பெண் வாசகர்கள் சார்பில் என்னைப் பேசக் கூப்பிட்டு ஆள் அனுப்பினார்கள். அவர் பெண் வாசகர் என்று யாரையும் மிச்சம் வைக்கவில்லை, வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.