புல் தேடிய புதன்கிழமை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆவணி மாத வெயிலில், நாமக்கல்லில் நடந்தது இது. என் அக்காவுக்கு அப்போது அறுபது வயது. குளியலறையில் வழுக்கி விழுந்து, தொடை எலும்பு உடைந்து, பிளேட் வைத்து நாலு மாதம் ஆகியிருந்தது. எலும்பு கூடிவிட்டது, இனி நடந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் கால் இறுகிப்போகும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அக்காவோ வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து கழிப்பறை வரை போவாள், திரும்புவாள், அத்தோடு சரி. மறுபடி விழுந்துவிடுவோம் என்ற பயம். நான் கெஞ்சினேன், அதட்டினேன். அவள் கணவர், என் மச்சான், ஒரு வேளை சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தார். அக்கா அசையவில்லை.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் தானாகவே, "தம்பி, வர்ற புதன் ஒடுக்கத்துப் புதன். என்னையப் புல்லு மிதிக்கக் கூட்டிட்டுப் போறியா?" என்று கேட்டாள்.

இஸ்லாமிய மாதமான சஃபரின் கடைசிப் புதன்தான் ஒடுக்கத்துப் புதன். அன்று வெறுங்காலில் புல்லை மிதித்தால் நோயும் பீடையும் இறங்கிவிடும் என்று எங்கள் ஆட்களிடம் ஒரு பழைய நம்பிக்கை. சின்ன வயதில், பள்ளிவாசல் அசரத் மாவிலையில் குர்ஆன் வசனம் எழுதிக் கொடுப்பதைக் கழுவிக் குடித்துவிட்டு, குடும்பத்தோடு வாய்க்கால் கரைக்குப் போவோம். இப்போது அந்த இலை வாட்ஸ்அப்பில் படமாக வருகிறது. அதை எங்கே கழுவிக் குடிப்பது? புல் மட்டும் எப்படியோ தப்பிப் பிழைத்திருந்தது. அதையும் நான் விட்டுவைக்கவில்லை. நாலு பயான், அதாவது மார்க்கப் பிரசங்கம், கேட்டுவிட்ட திமிரில், "இதெல்லாம் மார்க்கத்திலேயே இல்லை" என்று வருடா வருடம் அக்காவிடம் வாதாடுகிறவன் நான்தான். அந்த வருடம் மட்டும் வாயை மூடிக்கொண்டேன். அவள் படி இறங்கினால் போதும்.

ஆனால் புல்லுக்கு எங்கே போவது? எங்கள் தெருவில் வாசலுக்கு வாசல் சிமெண்ட். பூங்காவில் 'புல்லில் நடக்காதீர்கள்' என்ற பலகை இருந்தது, புல்தான் இல்லை. ஒரு பள்ளிக்கூட வாட்ச்மேன், நான் சொன்ன காரணத்தைக் கேட்டுவிட்டு ஏற இறங்கப் பார்த்த பார்வையில் பைக்கைத் திருப்பிக்கொண்டேன். கடைசியில் ஊருக்கு வெளியே, கம்பி வலைக்குள் பச்சைப் பசேலென்று ஒரு மைதானம் கண்ணில் பட்டது. பசங்கள் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துக் கிரிக்கெட் ஆடுகிற இடம். போனிலேயே புதன் மூன்று மணியைப் பிடித்துவிட்டேன். எத்தனை பேர் ஆடுவீர்கள் என்று கேட்டார்கள். மூன்று பேர் என்றேன்.

புதன்கிழமை அக்கா புதுச் சேலை கட்டிக்கொண்டு காரில் ஏறினாள். மைதானத்தில் செருப்பைக் கழற்றி, பிஸ்மில்லா சொல்லிக் காலை வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்தாள்.

"அடேய், சுடுதுடா! இது பிளாஸ்டிக் பாய்டா!"

உள்ளங்காலெல்லாம் கறுப்பாக ரப்பர் தூள். இருபத்தைந்து வருடமாக லாரிகளுக்கு சீட் கவரும் ஃப்ளோர் மேட்டும் போட்டுக் கொடுக்கிறவன் நான். தொட்டாலே ரெக்சினா, தோலா என்று சொல்வேன். செயற்கைப் புல்லை வலைக்கு வெளியே நின்று பார்த்து ஏமாந்திருக்கிறேன். மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "எனக்கு இவ்வளவுதான். இனிமே என்னைய எங்கயும் கூப்பிடாதீங்க" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். இப்போது வீட்டுக்குப் போனால் மறுபடி வெளியே வரமாட்டாள்.

கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் அவளை ஆசுவாசப்படுத்திக்கொண்டிருந்தோம். பின்னால் பெரிய புல்லுக்கட்டோடு மொபெட்டில் போன ஒரு பெண் வண்டியை நிறுத்தினார். "ஏனுங்க, அம்மாளுக்கு என்னாச்சுங்க?"

மச்சான் விஷயத்தைச் சொன்னார். அந்தப் பெண் சிரிப்பார் என்று நினைத்தேன். "இதுக்கா சாமி அழுவறீங்க?" என்று கட்டை அவிழ்த்து, மரத்தடியில் பாதைபோல் நீளமாகப் பரப்பினார். "இப்பத்தான் வரப்புல அறுத்தனுங்க. ஈரங்கூடக் காயல."

"உங்க மாட்டுக்குங்க?" என்றேன்.

"மாடு அதெல்லாம் பாக்காதுங்க. செருப்போட மட்டும் மிதிச்சறாதீங்க."

மச்சான் மெதுவாக, "அறுத்த புல்லு செல்லுமா?" என்று ஆரம்பித்தார். அக்கா முறைத்த முறைப்பில் அடங்கிவிட்டார்.

வாக்கர் கால் புல்லில் சிக்கியது. அந்தப் பெண் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, அக்காவுக்குத் தன் கையைக் கொடுத்தார். அக்கா நடுங்கி நடுங்கி ஒவ்வோர் அடியாக வைத்தாள். ஏழெட்டு அடியில் புல் முடிந்துவிட்டது. "அவ்வளவுதானா?" என்று நின்றாள்.

எனக்கு என்ன தோன்றியதோ, குனிந்து அவள் மிதித்து முடித்த புல்லை வாரி முன்னால் போட்டேன். மிதித்தாள். மறுபடி வாரினேன். மச்சானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேர்ந்துகொண்டார். நாலு மணிக்கு ஆட வந்த பசங்கள் மட்டையும் கையுமாக வேடிக்கை பார்த்தார்கள். மரத்தைச் சுற்றி இரண்டாவது சுற்றில்தான் கவனித்தேன், அந்தப் பெண்ணும் எங்களோடு குனிந்து புல் வாரிக்கொண்டிருந்தார். அக்காவின் கையை யாரும் பிடித்திருக்கவில்லை.

நான் அப்படியே புல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். "என்னடா நிக்கிற, போடு!" என்று அதட்டினாள் அக்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டு போட்டேன்.

எனக்கு இன்றும் அந்த நம்பிக்கை வந்துவிடவில்லை. ஆனால் நான் வருடக்கணக்கில் கேலி செய்த ஒன்றுதான் என் அக்காவை எழுப்பி நடக்க வைத்தது என்பதை மறக்க முடியாததால், சஃபர் பிறந்ததும் ஊரைச் சுற்றி நல்ல புல் எங்கே இருக்கிறதென்று முதல் ஆளாகத் தேடக் கிளம்புகிறவன் இப்போது நான்தான்.