பேர் போடும் நேரம்

எங்கள் வகுப்பில் அவளுக்கு ‘முதல் ரீல்’ என்று பட்டப்பெயர். வைத்தவன் நான்தான். எந்தப் படத்தைப் போட்டாலும் பேர் போட்டு முடிந்ததும் நிறுத்திவிட்டு அடுத்த படத்துக்குத் தாவிவிடுவாள். சினிமா படிக்க வந்துவிட்டு சினிமாவைப் பார்க்காத ஒரே ஆள் இவள்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவள் கோபித்துக்கொள்ளவே இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

கடைசி வருஷம் நாலு பேர் சேர்ந்து ஒரு குறும்படம் எடுக்க வேண்டும். இயக்கம் நான். வாய் நீளம், பொறுமை குட்டை, இயக்குநருக்கு வேறென்ன தகுதி வேண்டும்? கதை இதுதான்: தைத்து முடித்த சட்டையை வாங்க ஆள் வரவில்லை, தையல்காரர் அதை எடுத்துக்கொண்டு ஆளைத் தேடிப் போகிறார். கேமராவை ஒருவன் எடுத்துக்கொண்டான், ஒலியை இன்னொருவன். யாரும் சீண்டாமல் கிடந்த டைட்டிலை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து நூலகத்து மூலைக் கம்ப்யூட்டர் அவளுக்குச் சொந்தமாகிவிட்டது. படத்தை ஓடவிடுவாள், நிறுத்துவாள், பின்னால் போவாள், பாழான காகிதத்தின் பின்பக்கத்தில் வரைவாள். எழுத்து எந்த மூலையில் வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, இசை எங்கே மாறுகிறது, எல்லாம் கட்டம் கட்டமாக. அந்தக் காகிதங்களைத் தரை முழுக்கப் பரப்பி வைப்பாள். நாங்கள் சுவரோரமாக ஒட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

பார்த்ததையெல்லாம் செய்து பார்க்கிற ஆசை எங்களுக்கும் தொற்றிக்கொண்டது. ஒரு படத்தில் எழுத்துகள் தண்ணீரில் மிதந்து வந்தன. நாமும் மிதக்கவிடலாம் என்று காகிதத்தில் எழுத்துகளை வெட்டி வாளித் தண்ணீரில் போட்டோம். ஒலிக்காரன் பேர் அழகாக மிதந்தது. என் பேர் ஊறி, கூழாகி, அடியில் போய்ப் படிந்துவிட்டது. இயக்குநர் மூழ்கினாலும் படம் கரையேறும் என்று மற்ற மூவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அந்த எரிச்சலில்தான் அவளை மடக்கினேன். அவள் தலையில் தூக்கி வைத்து ஆடிய ஒரு படத்தைச் சொல்லி, அதன் கதை என்னவென்று கேட்டேன். தெரியாது என்றாள். இன்னொன்று? அதுவும் தெரியாது. பிறகு, ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

அவளுடைய அப்பா ஒரு தியேட்டரில் டார்ச் அடித்து சீட் காட்டுகிறவர். சாயங்காலக் காட்சிக்குச் சின்ன வயதில் அவளையும் கூட்டிப் போவாராம். பேர் போட்டு முடிந்ததும், “போய்ப் படி” என்று பின்வாசல் வழியாக வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அவள் டைட்டிலை மட்டும் பார்த்தாள். அவரோ டைட்டிலை மட்டும்தான் பார்த்ததில்லை. தாமதமாக வருகிறவர்கள் எல்லாரும் அந்த நேரத்தில்தான் வருவார்கள். குனிந்து, வருகிறவர்களின் கால்களுக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டிருப்பார். அவர் நிமிரும்போது கதை ஆரம்பித்திருக்கும். மறுநாள் சாப்பிடும்போது ஆரம்பத்தை இவள் சொல்ல, மிச்சத்தை அவர் சொல்வாராம்.

“ரெண்டு பேரும் சேர்ந்தாதான் எங்களுக்கு ஒரு படம்,” என்றாள். “இந்த ஒரு தடவையாவது அவர் உக்காந்து, பேர் போடறத முழுசா பாக்கணும். அதுக்குத்தான் இத கேட்டு வாங்கினேன்.”

நான் வைத்த பட்டப்பெயரை நானே திரும்ப வாங்கிக்கொண்டேன். அது அடிக்கடி நடக்கிற காரியம் அல்ல.

அதன்பிறகு அவள் காகிதங்களையெல்லாம் சுருட்டி வைத்துவிட்டு, நாங்கள் படம் எடுத்த தையல்கடையிலேயே போய் உட்கார்ந்தாள். தைத்து முடித்த ஒவ்வொரு துணியிலும் யாருடையது என்று ஒரு சீட்டு எழுதிக் குண்டூசியால் குத்தி வைப்பார்கள். அதுதான் எங்கள் டைட்டில் ஆயிற்று. மாட்டியிருக்கும் சட்டைகளின் வரிசையில் கேமரா மெல்ல நகர்கிறது. ஒவ்வொரு சீட்டிலும் எங்களில் ஒருவர் பேர். கடைசிச் சட்டையின் சீட்டில் பேர் இல்லை. அங்கே கதை ஆரம்பிக்கிறது.

ஆசிரியர் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது, ஆனால் பத்து நிமிஷப் படத்துக்கு ரெண்டு நிமிஷம் டைட்டிலா, பாதியாக வெட்டு என்றார். அவள் முகம் செத்துவிட்டது. மொத்த நீளம்தானே கணக்கு என்று நான் ஆசிரியரிடம் மல்லுக்கு நின்று, தையல்காரர் பாலத்தில் நடக்கும் காட்சியைத் தூக்கிப்போட்டேன். என் உயிரான காட்சி அது. இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

திரையிடும் நாளில் கல்லூரி அரங்கத்துக்கு எல்லார் வீட்டிலிருந்தும் வந்திருந்தார்கள். அவளுடைய அப்பா தேய்த்த சட்டையும் வாரிய தலையுமாக வந்து, வழியோரத்து நாற்காலியில் உட்காரப் போனார். அவள் விடவில்லை. வரிசையின் நடுவே கொண்டுபோய் உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் அவர்களுக்குப் பின்வரிசையில் இருந்தேன்.

விளக்கு அணைந்தது. முதல் சட்டை வந்தது. அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. வயதான ஒரு தம்பதி இருட்டில் தடுமாறி நின்றார்கள். அவளுடைய அப்பா இரண்டு கைகளையும் ஊன்றி எழுந்தேவிட்டார். அவள் அவருடைய தோளை அழுத்தி உட்காரவைத்துவிட்டு, எல்லார் காலையும் மிதித்துக்கொண்டு அவளே போனாள். செல்போன் வெளிச்சத்தைத் தரையில் காட்டிப் படிப்படியாக அவர்களை அழைத்துப்போனாள்.

திரையில் சட்டைகள் நகர்ந்துகொண்டிருந்தன. அவர் ஒவ்வொரு சீட்டையும் உதடசைத்துப் படித்தார். அவள் பேர் வந்ததும் சட்டென்று பக்கத்து நாற்காலிக்குத் திரும்பினார். அது காலியாக இருந்தது. அவள் திரும்பி வந்து உட்கார்ந்தபோது தையல்காரர் கடையைப் பூட்டிவிட்டுச் சட்டையோடு கிளம்பிவிட்டார்.

முடிந்ததும் வெளியே படிக்கட்டில் நின்றோம். எப்படி இருந்தது என்று அவள் கேட்கவில்லை. அவர்தான் பேசினார்.

“நீ ஏம்மா எழுந்து போன? கொஞ்ச நேரம் நின்னா கண்ணு பழகிடும். அவங்களே எடத்த பாத்து உக்காந்திருப்பாங்க.”

“இத்தனை வருஷமா இது உனக்குத் தோணலையாப்பா?” என்றாள்.

அவர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். பிறகு, அவள் பார்க்காமல் விட்ட ஆரம்பத்தை, முதல் சட்டையிலிருந்து, அவளுக்குச் சொல்லத் தொடங்கினார்.