முன்னுக்கு யாருட வயல்?

நெல் வெட்டும் மெசின் வைத்திருக்கும் நிந்தவூர்க்காரர் ஒருவர் என்னிடம் ஒரு ஆப் கேட்டார். தனியாக எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. "விவசாயிமார் ஃபோன்லயே திகதி பதியணும், அவ்வளவுதான்" என்றார். சாய்ந்தமருதில் எங்கள் வீட்டு மேசையிலேயே இருந்து, நிறம் நிறமாய் ஒரு கலண்டர் செய்து கொடுத்தேன்.

அறுவடை தொடங்கி இரண்டு வாரமாகியும் ஒருவர்கூடப் பதியவில்லை. மனசு விட்டுப்போய், பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போனேன். அவர் வயலுக்குப் போயிருந்தார். அவருடைய மனைவிதான் இருந்தார். அக்கா முறையில் அவரை ‘ராத்தா’ என்று அழைத்தேன். மெசின் கேட்டு வரும் அழைப்புகளையெல்லாம் எடுப்பவர் அவர்தான் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

மத்தியானம்வரை பக்கத்தில் இருந்து கேட்டேன். யாரிடமும் அவர் முதலில் நாள் கேட்கவில்லை. "உங்களுக்கு முன்னுக்கு யாருட வயல்? அவருக்கு விளைஞ்சிட்டா?" என்றுதான் கேட்டார்.

"ஏன் ராத்தா நாளக் கேக்கல்ல?"

"நாளக் கேட்டு என்ன தங்கச்சி செய்ற? உள் வயலுக்கு மெசின் போறண்டா வெளி வயல் வெட்டி முடிஞ்சிரிக்கணும். அடுத்தவன்ட பயிருக்கு மேலால ஓட்ட ஏலுமா?"

பிறகு கூச்சத்தோடு ஒரு கொப்பியைக் காட்டினார். வயல்களைக் கட்டம் கட்டமாய்க் கீறி, வெட்டி முடிந்தவற்றுக்குச் சரி போட்டிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. இவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல்தானே அத்தனை நாளும் வேலை செய்திருக்கிறேன்!

கலண்டரை அழித்துவிட்டு அந்தப் படத்தையே ஆப்பாக்கினேன். ஒரு வயல் வெட்டி முடிந்ததும் அதற்கு உள்ளே இருக்கும் வயல்காரருக்குச் செய்தி போகும். கொண்டுபோய்க் காட்டினேன். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தவர், "வாய்க்கால் எங்க? மெசின் அதக் கடக்காதே" என்றார். அங்கேயே இருந்து வாய்க்காலையும் போட்டேன்.

"நான் விவசாயிக்கெல்லோ கேட்டன்?" என்று கணவர் முதலில் முறுகினார். அடுத்த போகத்தில் மெசின் ஒரு நாளும் வரம்போரம் சும்மா நிற்கவில்லை. அதற்குப் பிறகு அவரும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் மெசினை எடுத்தார்.

போன கிழமை ராத்தா அழைத்தார். மாவடிப்பள்ளியில் மெசின் வைத்திருக்கும் வீட்டுப் பெண் ஒருவருக்கும் இது வேண்டுமாம்.

"பாவிக்கிற விதத்த நான் சொல்லிக் குடுக்கன். நீங்க வந்து அவங்கட வயலுகளப் பாருங்க. அங்க வேற மாதிரி இரிக்கும்."

"ஓம் ராத்தா, வாறன்" என்றேன். சனிக்கிழமை இருவருமாகப் போகிறோம்.