ஆடி வெயிலில் ஒரு ஹீட்டர்

எங்கள் ஊரில் குளிர் என்பது கேள்விப்பட்ட சமாசாரம். மார்கழி விடியற்காலையில் ஒரு துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டால் அது தீர்ந்துபோகும். மற்றபடி திருத்தங்கலில் பிறந்தவர்களுக்கு வெயிலைப் பற்றித்தான் தெரியும். அப்படிப்பட்ட குடும்பம் ஒரு வருஷம் ஆடி மாதம் முழுக்க, ஒரு வீட்டைச் சூடாக்க எது நல்லது, எது சிக்கனம் என்று ஆராய்ச்சி செய்தது. எல்லாம் என் அத்தையால் வந்தது.

அத்தை அப்பாவுக்கு ஒரே தங்கை. வைகாசியில் கல்யாணமாகிக் கோத்தகிரிக்குப் போனாள். மாப்பிள்ளை வீட்டாரும் எங்கள் பக்கத்து ஆட்கள்தான். எந்த மலையில் கொண்டுபோய் விட்டாலும் அங்கே ஒரு மளிகைக்கடை போட்டுவிடுகிற சாதி சனம். ஆடிக்குப் பெண்ணை அழைத்து வந்தோம். வந்த அன்றே சோற்றைப் பிசைந்துகொண்டு, "ஆடி முடிஞ்சாலும் நான் போகலண்ணே" என்றாள். ஏன் என்று அப்பா கேட்டார். "அங்கன குளிருது" என்றாள்.

குளிருக்குப் பயந்து புருஷன் வீட்டை விட்டு வந்தவளைத் தெரு சும்மா விடுமா? எதிர்வீட்டில் 'வாழாவெட்டி' என்று யாரோ சொன்னது அப்பா காதில் விழுந்தது. அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில், குளிரை ஒரு கை பார்த்துவிடுவது என்று இறங்கினார்.

கரி அடுப்பில் தணல் போட்டு வைத்தால் செலவே இல்லை என்றார்கள் தெரிந்தவர்கள். நெருப்பு என்றால் வாய் வெந்துவிடாது என்பார்கள். அதை எங்கள் அப்பாவிடம் சொல்லிப் பார்க்க வேண்டும். பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். சாமிக்குச் சூடம் காட்டும்போதே பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைக்கிற மனுஷன். "கதவ அடச்சிட்டுக் கரியப் போட்டா மூச்சு முட்டிச் சாக வேண்டியதுதான்" என்று அதைத் தள்ளிவிட்டார். அதில் அவர் சொன்னது சரி.

அடுத்தது கம்பளி. கரண்டும் வேண்டாம், கரியும் வேண்டாம் என்று அப்பா ஆசையாகத்தான் வாங்கி வந்தார். ஆனால் அது பஞ்சாலும் ஆட்டு மயிராலும் ஆனதல்ல, ஏதோ நைலான் வகை. சாயங்காலம் கரண்ட் போயிருந்த நேரம், போர்த்திப் பார்த்துவிட்டு உருவினார். இருட்டில் படபடவென்று பொறி பறந்தது. நைலான் சேலை கட்டி வேலைக்கு வந்த பொம்பளைகளைக் கம்பெனி வாசலோடு திருப்பி அனுப்புகிறவர் அப்பா. "இதுக்குள்ளயா என் தங்கச்சி படுக்கணும்?" என்று கேட்டவர், கம்பளியைக் கொல்லைப்புறத்துக் கொடியில் தனியாகப் போட்டார். அதன் பக்கம் போகக் கூடாது என்று எனக்கும் உத்தரவு.

மிச்சம் இருந்தது ஹீட்டர். சிவகாசியில் ஒரு கடையில் கேட்டபோது, "குளிக்கிறதுக்கா அண்ணாச்சி?" என்றார் கடைக்காரர்.

"இல்ல, ரூமச் சூடாக்க."

கடைக்காரர் வெளியே வெயிலைப் பார்த்தார். அப்புறம் அப்பாவைப் பார்த்தார். "சொகமில்லையா அண்ணாச்சி, உக்காருங்க" என்று ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். கடைசியில் போனில் ஆர்டர் போட்டுத்தான் அது வந்தது.

வந்ததை அப்படியே கொடுத்தனுப்ப அப்பாவுக்கு மனசு வரவில்லை. சோதித்த பிறகுதான் சரக்கு வெளியே போக வேண்டும் என்பது அவர் தொழில் தர்மம். முதலில் கூடத்தில் வைத்தோம். ஒன்றும் தெரியவில்லை. கூடம் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது. பிறகு உள்ளறையில் வைத்து, ஜன்னலை அடைத்து, ஃபேனை நிறுத்தி, அப்பாவும் நானும் உட்கார்ந்தோம். சின்னப் பிள்ளை பொய் சொல்லாது என்பதால் நான். கொஞ்ச நேரத்தில் எனக்குக் கண் இருட்டியது. அப்பாவின் பனியனைப் பிழிந்தால் ஒரு செம்பு தேறும். இரண்டு பேரும் வெளியே வந்து விழுந்தபோது, அம்மா தண்ணீரை எங்கள் தலையில் ஊற்றினாளா, வாயில் ஊற்றினாளா என்று ஞாபகமில்லை.

"கண்டுபிடிச்சிட்டேன்" என்றார் அப்பா, மூச்சு வாங்கிக்கொண்டே. "கூடத்துல வச்சாக் கரண்டுக்குத்தான் கேடு. கதவு மூடுன சின்ன ரூம்னாக் கொஞ்ச நேரம் போட்டாப் போதும். ஏம்மா, உங்க ரூம் எம்புட்டு அகலம்?"

அத்தை முகம் கழுவப் போவதுபோல் எழுந்து போனாள். அம்மா பின்னாலேயே போனாள். தண்ணீர் குடிக்க நானும் போனேன்.

"ரூமே இல்ல மதினி" என்றாள் அத்தை. "மாமியா, கொழுந்தமாரு, எல்லாரும் கூடத்துலதான். அவுக காவலுக்குன்னு கடையில போய்ப் படுத்துக்கிடுவாக."

"கல்யாணத்துல இருந்தா?"

"ஆமா."

அண்ணனிடம் இதை எந்தத் தங்கை எப்படிச் சொல்வாள்? அத்தை அழுதாள். அம்மா அவள் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். எனக்கோ வேறு சந்தேகம். அத்தனை பேர் நெருக்கி அடித்துப் படுத்தால் கதகதப்பாகத்தானே இருக்கும் என்று கேட்டேன். அம்மா நங்கென்று ஒரு கொட்டு வைத்தாள்.

ஆடி முடிந்து புது மாமா அழைத்துப்போக வந்தார். அதிகம் வாய் பேசாத நல்ல மனுஷன். அப்பா ஹீட்டரை மடியில் வைக்காத குறையாகக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். அம்மா கதவோரம் நின்று, "இது மூடுன ரூம்லதான் வேலை செய்யுமாம்ணே. கூடத்துல வச்சா அம்புட்டும் வீணாப் போயிருமாம்" என்றாள். வீட்டுக்கு வந்த ஆண்பிள்ளையிடம் அம்மா அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"கதவுல தாழ்ப்பா முக்கியம் மாப்பிள்ளை" என்றார் அப்பா ஆர்வமாக. "இல்லன்னாச் சூடு நிக்காது. நானும் பாப்பாவும் சோதிச்சிப் பாத்துட்டோம்."

புது மாமாவின் காது இரண்டும் சிவந்துவிட்டன. தரையைப் பார்த்தபடி, "கடைக்குப் பின்னால சரக்கு ரூம் ஒண்ணு கெடக்கு மச்சான். போனதும் காலி பண்ணிருதேன்" என்றார். உள்ளே அத்தை பெட்டியைக் கட்டத் தொடங்கியிருந்தாள்.

அப்புறம் குளிர் பற்றிய பேச்சே இல்லை. அடுத்த சித்திரையில் அத்தைக்கு எங்கள் வீட்டில் வளைகாப்பு. பந்தி நடக்கும்போது அப்பா நாலு பேர் கேட்கும்படி, "எல்லாம் அந்த ஹீட்டர் செஞ்ச வேலை" என்றார். நானும்தான் கூட இருந்தேன் என்று ஞாபகப்படுத்தினேன். பொம்பளைகள் பக்கம் ஒரே சிரிப்பு. அத்தை வளையல் கைகளால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"மாசம் எத்தன யூனிட் இழுக்கு மாப்பிள்ளை?"

புது மாமா இலையிலிருந்து நிமிரவில்லை. "நீங்க கட்டிக் குடுத்த பெட்டியவே இன்னும் பிரிக்கல மச்சான்."

"அப்ப எப்படிக் குளிர் போச்சு?" என்றார் அப்பா.

அதற்குச் சிரித்த சிரிப்பில் பரிமாறுகிறவர் கையிலிருந்த அப்பள வாளி கீழே விழுந்தது. அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். மலையில் இப்போது வெயில் காலம், அதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றியது. அதை எழுந்து நின்று எல்லோருக்கும் சத்தமாகச் சொன்னேன்.