கருவாடு மடித்த நாவல்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். அந்தப் படிப்பு ஒரே ஒரு நாவலுக்குத்தான் உருப்படியாகப் பயன்பட்டது. அதுவும் முழு நாவல் இல்லை.

அப்பாவும் அம்மாவும் ஒரே வாரத்தில் காலராவில் போனதும், மயிலாப்பூரை ஒட்டிய கடற்கரைக் குப்பத்திலிருந்த சித்தி என்னைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டாள். கருவாடு விற்பவள். சித்தப்பா வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு சண்டைக்குப் போய், அரபு தேசத்தில் பஸ்ராவுக்கு மேலே ஆற்றில் படகு ஓட்டிவிட்டுத் திரும்பியவர். போகும்போது பாட்டும் கேலியுமாக இருந்தாராம். நான் பார்த்தவர் வாயே திறக்கமாட்டார். வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுவார், கட்டுமரத்துப் பக்கத்தில் படுத்துக்கொள்வார். ஈஸ்டர் முடிந்ததும் கப்பலேறுவதாக, ரங்கூனுக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரியிடம் பெயர் கொடுத்திருந்தார். போனால் திரும்பமாட்டார் என்று சித்திக்குத் தெரியும். அவர் போய்விட்டால் என்னைக் கன்னியாஸ்திரீகள் மடத்தில்தான் விடுவார்கள் என்று எனக்கும் தெரியும்.

கருவாடு மடிக்கச் சித்தி பழைய காகிதம் வாங்குவாள். அந்தக் காகிதக் கட்டோடு வந்ததுதான் ஒரு சண்டை நாவல். அவள் பின்னாலிருந்து கிழித்துக்கொண்டு வந்தாள், நான் முன்னாலிருந்து படித்துக்கொண்டு போனேன். மத்தியானம் அவள் கருவாட்டைத் தரம் பிரிக்கும்போது, எழுத்துக்கூட்டி உரக்கப் படிப்பேன்.

கதை சித்தப்பா போன அதே தேசத்தில் நடந்தது. கதாநாயகன் ஒரு சிப்பாய். முதல் அத்தியாயத்திலேயே, தண்ணீர் கேட்டுக் கை நீட்டியவனைத் தாண்டிக்கொண்டு நடந்தான். எனக்கு அவனைப் பிடிக்கவில்லை. பிறகு காயம்பட்டுக் கிடந்தபோது, ஆஸ்பத்திரிக் கூடாரத்தில் கட்டுத்துணி துவைக்கும் பெண் ஒருத்தி தினமும் அவனிடம் பேச்சுக் கொடுத்தாள். முதலில் திட்டினான். அப்புறம் அவள் வராத நாளில் வழி பார்த்தான். எட்டாவது அத்தியாயத்தில், குண்டு விழும்போது, எதிரிப் பையன் ஒருவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினான்.

அந்தப் பக்கம் முடிந்ததும், வாசலில் வலையின் பொத்தலைத் தைத்துக்கொண்டிருந்த முதுகு கேட்டது.

"அந்தப் பொண்ணு இன்னா ஆனா?"

அன்றே சித்தி கிழிப்பதை நிறுத்தினாள். பூவரச இலையில் கருவாட்டை மடித்துக் கொடுத்து, லஸ் பக்கத்து வீடுகளில் பேச்சு வாங்கினாள். ஆனால் கடைசி அத்தியாயங்கள் ஏற்கெனவே அந்த வீடுகளின் அடுப்புக்குப் போயிருந்தன.

கிழிந்த இடம் வந்தது. கப்பல் சங்கு ஊதுகிறது. அவள் கரையில் நிற்கிறாள். சிப்பாய் ஏறு பலகையில் ஒரு காலை வைத்தான். அவ்வளவுதான், அப்புறம் அட்டை.

"இன்னாத்துக்கு நிறுத்திட்டே? அப்பால?" என்றார் சித்தப்பா. திரும்பி உட்கார்ந்திருந்தார்.

சித்தி என்னையே பார்த்தாள். நான் அட்டையைப் பார்த்துப் படித்தேன். சிப்பாய் இறங்கிவிட்டான். அவள் வீட்டுக்குப் போனான். அவள் வஞ்சிரக் குழம்பு வைத்தாள். அவன் வீட்டுக்குள்ளே உட்கார்ந்து சாப்பிட்டான். காதலைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"அந்த ஆத்துல வஞ்சிரம் ஏது?"

"புக்குல அப்டித்தான் கீது சித்தப்பா."

"எழுதுனவன் அங்க வந்தானா? எல்லாம் சேத்து மீனு. வாயில வெக்க முடியாது. நம்மூரு வஞ்சிரத்த நெனச்சிக்கினு கண்ண மூடி முழுங்குவோம்மே, நானும் என் கூட்டாளியும்."

"எந்தக் கூட்டாளி?" என்றாள் சித்தி. "ஒருநாளும் சொன்னதில்லியே."

"திரும்பி வர்லமே அவன்." வலையைக் கீழே வைத்தார். "படகுல என் பக்கத்துலதான் குந்தியிருந்தான்."

சித்தி கருவாட்டுக் கூடையை நகர்த்தி இடம் விட்டாள். அவர் உள்ளே வந்து உட்கார்ந்தார்.

நான் வெளியே ஓடினேன். வளர்ந்த பிற்பாடு பர்மாவரை அலைந்தேன். எத்தனையோ பேர் சோறு போட்டார்கள். அந்தக் குடிசையில் இன்னும் ஒன்பது வருஷம் அவர்கள் இருவர் கையாலும் சாப்பிடப்போகிறேன் என்று அன்றைக்கு எனக்கு எப்படித் தெரியும்? பொய்யைக் கண்டுபிடித்துவிட்டார், இனி கப்பல்தான், எனக்கு மடம்தான் என்று மணலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். உள்ளே அவர் பேசிக்கொண்டே இருந்தார்.