வெர்லினின் வெள்ளை டேப்

தன் பிக்கப் லாரியை எந்த மெக்கானிக்கும் தொடக் கூடாது என்பதுதான் நெப்ராஸ்காக்காரன் வெர்லின் அறுபது வயதுவரை கட்டிக்காத்த ஒரே கொள்கை. ஆயில் அழுத்தம் பார்க்க அவன் தனியாக வாங்கி மாட்டிய மீட்டரில் முள் அசையவேயில்லை. மூன்று கம்பெனி மீட்டர் மாற்றி, மூன்று கம்பெனிக்காரர்களையும் வாய்க்கு வந்தபடி ஏசினான்.

டிராக்டர் மெக்கானிக்கான கொழுந்தியாள் டோரீன், அவனைக் கேட்காமலே பானெட்டைத் திறந்ததும் சிரித்துவிட்டாள். மீட்டருக்கு அழுத்தத்தைச் சொல்ல எஞ்சினில் திருகியிருந்த சென்சாரின் மரை முழுக்க வெள்ளை டேப்.

"அத்தான், இந்த மரை இரும்பைத் தொட்டாத்தானே கரண்டு ஓடும்? இது லாரியா, குளியலறைக் குழாயா?"

"ஒழுகக் கூடாதுன்னுதான்..."

அவள் டேப்பை உரித்து, சென்சாரை மறுபடி திருகி, எஞ்சினை முடுக்கினாள். முள் எழுந்து நின்றது.

மறுநாள் காபிக் கடையில், அவள் பக்கத்து மேசையில் இருக்கும்போதே வெர்லின் அளந்தான்:

"மூணாவது கம்பெனிக்காரன் பரவாயில்லப்பா. மீட்டர் பழக நாலு நாள் ஆகுது, அவ்வளவுதான்."